தட்டிப் பார்த்தால்தான் தெரியும்

‘சோதனை’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவ நண்பர்களுக்கு நினைவுக்கு வருவன இரண்டே பொருள்கள்தாம். ஒன்று பருவத் தேர்வு. மற்றொன்று வாழ்க்கையில் வரும் துன்பம். இரண்டும் ஒன்றுதான் என்று வாதிடும் நண்பர்களும் விடுதியில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நான் இங்கே எழுத வந்தது மூன்றாவது பொருளைப் பற்றி.

என் ஊர் நார்த்தாமலை. கல்லே எங்கள் ஊரின் சொத்து. கல்லை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் பல. எங்கள் தெருவில் கல்தச்சு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் எந்தக் கல்லையும் கண்ணால் மட்டும் பார்த்து எடுத்ததில்லை. சுத்தியலால் நாலைந்து இடங்களில் தட்டிப் பார்ப்பார். ‘கணீர்’ என்று ஒலித்தால் வேலைக்கு ஆகும். மந்தமாகச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல் என்று பொருள். எவ்வளவு வழவழப்பான கல்லானாலும் ஒதுக்கிவிடுவார். “பாக்குறதுக்கு எல்லாக் கல்லும் நல்ல கல்லுதான் தம்பி. தட்டுனாத்தான் தெரியும்” என்பார். சிறுவயதில் இதை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கணிப்பொறி அறிவியல் படிக்க வந்த பிறகு அதை அடியோடு மறந்தேன். மறந்ததன் பலனை ஒரு பெண் அனுபவித்தாள்.

எங்கள் அத்தை ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து விண்ணப்பங்களை அனுப்பிக் கொடுப்பதும் அங்கே நடக்கும். கடையில் இருப்பது ஒரு பழைய கணிப்பொறி, அதில் லினக்ஸ். மோடம் அடுத்த அறையில் இருப்பதால், ஒரு சிறிய யூ.எஸ்.பி. வைஃபை டாங்கிளைச் செருகி வைத்திருந்தோம். சென்ற ஆண்டு விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, ஒருநாள் இரவு கடையை மூடுமுன் கணிப்பொறி ‘அப்டேட் இருக்கிறது’ என்று கேட்டது. படித்தவன் அல்லவா நான்? உடனே அழுத்தினேன். எல்லாம் முடிந்து கணிப்பொறி மீண்டும் எழுந்தது. ஒரு செய்தித்தளத்தைத் திறந்தேன், பக்கம் வந்தது. “நெட் வருது அத்தை” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். அதுதான் நான் செய்த சோதனை.

மறுநாள் ஒரு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கல் வேலை செய்யும் ஒருவருடைய மகள் மாலை ஐந்து மணிக்குச் சான்றிதழ்களோடு வந்தாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒழுங்காகப் போயின. ஸ்கேன் செய்த பெரிய கோப்புகளை ஏற்றத் தொடங்கியதும் பாதியில் நின்றது. மறுபடி முயன்றோம், மறுபடி நின்றது. “நேத்து வரைக்கும் நல்லாத்தானேடா இருந்துச்சு?” என்றார் அத்தை. “கடைசி நாள் அத்தை, தளத்துல கூட்டம், கொஞ்சம் பொறுத்தா போயிடும்” என்றேன் நான். அந்தப் பெண்ணிடமும் அதையே சொன்னேன். அவள் “சரிண்ணே” என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். பத்து மணிக்குமேல் தொலைபேசி வழியே இணைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்போது உண்மையாகவே தளத்தில் கூட்டம். பன்னிரண்டு மணி அடித்தது. அவள் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தகப்பனாரோடு போனாள். இருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பழுது தளத்தில் இல்லை, டாங்கிளை இயக்கும் மென்பொருளில்தான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் கற்றதைக் கொண்டே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நெட்வொர்க் கார்டுகளின் டிரைவர் மென்பொருளை, உண்மையான கார்டுகளின்மேல், பொறியே தானாக இரவோடிரவாகச் சோதிக்கும் ஏற்பாடு ஒன்று நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் வேண்டும் என்பது என் கருத்து. ‘நமக்கெதற்கு இந்த வேலை?’ என்று கேட்பவர்களுக்குப் பின்னால் விடை சொல்கிறேன்.

டிரைவர் என்றால் என்ன? கணிப்பொறியின் இயக்க முறைமைக்கு ஆயிரம் வகை நெட்வொர்க் கார்டுகளின் பாஷை தெரியாது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும், அவனே டிரைவர். லினக்ஸின் மூல நிரலில் பாதிக்கு மேற்பட்ட வரிகள் இப்படிப்பட்ட டிரைவர்களே. கார்டுக்கும் டிரைவருக்கும் உள்ள உறவை விளக்க ஒரு தபால்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுத் திண்ணையில் வட்டமாகச் சில மாடக்குழிகள். தபால்காரர் வரிசையாக ஒவ்வொரு மாடத்திலும் கடிதம் வைத்துவிட்டு மணியடிப்பார். வீட்டுக்காரர் வந்து எடுத்து மாடங்களைக் காலி செய்ய வேண்டும். தபால்காரர் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வருமுன் காலியாகாவிட்டால், அடுத்த கடிதத்திற்கு இடமில்லை. அது கீழே விழும். தபால்காரர் கார்டு, வீட்டுக்காரர் டிரைவர், மாடங்கள் நினைவகத்தில் உள்ளன. அனுப்பும் கடிதங்களுக்கும் இதே போல எதிர்த்திசையில் ஒரு வட்டம் உண்டு.

நாளுக்கு நாலு கடிதம் வரும் வீட்டில், வீட்டுக்காரர் சோம்பேறியானாலும் ஒன்றும் தெரியாது. நிமிடத்துக்கு நாலாயிரம் வரும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒரு செய்திப்பக்கத்தைத் திறந்து பார்த்து நான் செய்த ‘சோதனை’ நாலு கடிதச் சோதனை. அந்தப் பெண்ணின் சான்றிதழ்களோ நாலாயிரம் கடிதங்கள்.

சரி, ஒவ்வொரு முறையும் பெரிய கோப்பை ஏற்றிப் பார்த்துவிட்டால் போதாதா? போதாது. டாங்கிளைப் பிடுங்கிச் செருகினால் எழுகிறதா? கணிப்பொறி உறங்கி விழித்த பின் இணைகிறதா? ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடிச் சூடேறிய பிறகு என்ன ஆகிறது? டிரைவரை நூறு தடவை ஏற்றி இறக்கினால் நினைவகம் கசிகிறதா? இவற்றையெல்லாம் ஒரு மனிதன் ஒருமுறை செய்யலாம். லினக்ஸ் கெர்னலோ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பாக வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள். எந்த மனிதன் எத்தனை இரவு விழிப்பான்? சலிப்பில்லாத வேலையாள் பொறி ஒன்றுதான்.

சோதிக்காமல் அனுப்பினால் நேர்வதற்கு அண்மைச் சாட்சி வேண்டுமா? 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு சிறிய கோப்பு, விண்டோஸ் இயங்கிய சுமார் 85 லட்சம் கணிப்பொறிகளை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது நெட்வொர்க் டிரைவர் அன்று. ஆயினும் கெர்னலுக்குள்ளே அமர்ந்து வேலை செய்யும் டிரைவர் வகையைச் சேர்ந்ததே. அந்தக் கோப்பைத் தானியங்கிச் சரிபார்ப்பு ஒன்று ‘சரி’ என்றே அனுப்பியது என்பதைக் கவனியுங்கள். அந்தச் சரிபார்ப்பு நிரலிலேயே பிழை இருந்தது. காகிதத்தைப் படித்துப் பார்த்தார்கள்; ஒரு பத்துப் பொறிகளிலாவது ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். “கார்டே இல்லாமல் கார்டைப் போல நடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றில் சோதித்தால் என்ன?” என்பார். இருக்கின்றன. கெர்னலிலேயே அப்படி நடிக்கும் பொய்க் கார்டு ஒன்று உண்டு. அதனால் பெரும்பயன் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் 2008இல் நடந்ததைக் கேளுங்கள். லினக்ஸின் 2.6.27ஆம் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்த காலம். அதன் முன்னோட்டப் பதிப்புகளைப் போட்டுப் பார்த்த சிலருடைய கணிப்பொறிகளில் இன்டெல் நெட்வொர்க் கார்டு செத்துப் போயிற்று. மென்பொருளை மாற்றினாலும் எழவில்லை. கார்டின் முகவரி முதலான விவரங்களை நிலையாக வைத்திருக்கும் சிறு நினைவகமே அழிந்திருந்தது. எல்லோரும் இ1000இ என்ற அந்த டிரைவரைத்தான் குற்றம் சாட்டினார்கள்.

குற்றவாளி வேறிடத்தில் இருந்தான். கெர்னலின் நடவடிக்கைகளைத் தடம் பிடிக்க ‘எஃப்டிரேஸ்’ என்றொரு வசதி புதிதாகச் சேர்ந்திருந்தது. அது நிரலின் சில இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு போய் அங்கே திருத்தி எழுதும். குறித்த இடம் இதற்கிடையே காலி செய்யப்பட்டு, அதே முகவரி நெட்வொர்க் கார்டின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. ‘பழைய சொல் அங்கே இருந்தால் மட்டும் புதியதை எழுது’ என்பதே எஃப்டிரேஸ் இட்ட கட்டளை. பாதுகாப்பான கட்டளைதானே? சாதாரண நினைவகத்தில் பாதுகாப்பானதுதான். ஆனால் சொல் பொருந்தாவிட்டாலும் அந்தக் கட்டளை இருந்ததையே திரும்ப ஒருமுறை எழுதும். கார்டின் நினைவகத்தில் அந்த ஒரு எழுத்தே விஷமாயிற்று. 2.6.27 பதிப்பு 2008 அக்டோபர் 9ஆம் நாள் வெளிவந்தபோது கார்டின் நினைவகத்துக்குப் பூட்டுப் போட்டே வெளியிட்டார்கள். அடுத்த திருத்தப் பதிப்பில் எஃப்டிரேஸின் அந்தப் பகுதியையே நிறுத்தி வைத்தார்கள். நடிக்கும் கார்டில் ஆயிரம் இரவு சோதித்தாலும் இது தெரிந்திருக்காது. ஏனெனில் அழிவதற்கு அங்கே உண்மையான கார்டு இல்லை.

தூரதேசத்துக் கதை போதும்; நம் தேனிக்கு வருவோம். தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டார ஊர்களில் இருக்கும் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபை மூலமே இணைக்கப்பட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் புரூவர் என்பவரின் குழு அதை மருத்துவமனையோடு சேர்ந்து அமைத்தது. ஊரில் இருக்கும் நோயாளி திரையில் டாக்டரைப் பார்த்துப் பேசுவார். கடையில் விற்கும் அதே வைஃபை கார்டுதான். கோபுரத்தில் திசைக்கம்பி வைத்துப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பினார்கள். ஆனால் கார்டின் டிரைவர் வீட்டுக்குள் இருக்கும் தொலைவை எண்ணி எழுதப்பட்டது. ஒரு பொட்டலம் அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற மறுமொழிக்காகச் சிறிது நேரமே காத்திருக்கும். 15 கிலோமீட்டர் தொலைவை ஒளியே கடக்க 50 மைக்ரோ நொடி ஆகும், போய்வர 100. மறுமொழி வருமுன்பே ‘தொலைந்தது’ என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். வந்த மறுமொழியோடு அது மோதும். அந்தக் குழுவினர் டிரைவரின் அந்தப் பழக்கத்தை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படியும், மறுமொழிகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும்படியும் செய்தார்கள். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 2007இல் வெளிவந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2008இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கட்டுரை. அது வேகத்தைப் பற்றியதே அன்று. கிராமத்தில் வைத்த வலையை உயிரோடு காப்பது எப்படி என்பது பற்றியது. ஆய்வுக்கூடத்தில் அழகாக ஓடிய பொறிகள் இங்கே மின்னழுத்தம் ஏறி இறங்கியதால் பழுதாயின. பாதியில் மின்சாரம் போனதால் சேமிப்பு அட்டைகளில் இருந்தவை கெட்டன. பொறி உறைந்துவிட்டால் தானே எழுப்பிக்கொள்ளும் காவல் கடிகாரம், பிரதான வழி அறுந்தால் உள்ளே நுழைய வேறொரு வழி, உள்ளூர் ஊழியரே பழுதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி என்று அவர்கள் கற்றவையெல்லாம் நம் மண் கற்றுக்கொடுத்தவை. பெர்க்லியில் உட்கார்ந்து சோதித்திருந்தால் தேனியின் மின்சாரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இனி சோதனைக்கூடத்தை எப்படி அமைப்பது என்பதற்கு வருகிறேன். ஊரில் எங்கள் வீட்டுப் பரணில், நானும் என் தங்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் பெற்ற இரண்டு விலையில்லா மடிக்கணினிகள் இருந்தன. அவற்றை இறக்கித் தூசி தட்டினேன். ஒன்று சோதிக்கப்படும் பொறி; டாங்கிளை அதில் செருகினேன். மற்றொன்று அதற்கு எதிர்முனை. அது வைஃபை மையமாக நடித்துக்கொண்டு, வருவதை வாங்கி, போவதை அனுப்பி, கணக்கு எழுதும். இரண்டுக்கும் இடையே ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிளும் போட்டேன். இந்தக் கேபிள்தான் முக்கியம். சோதிக்கப்படும் கார்டு வழியாகவே அந்தப் பொறிக்குக் கட்டளை அனுப்பக்கூடாது. கிணற்றில் இறங்குபவன் தான் அறுத்துப் பார்க்கப்போகும் கயிற்றிலேயே தொங்குவானா? முதல் இரண்டு நாட்கள் நான் அப்படித்தான் தொங்கினேன். டாங்கிள் நின்றவுடன் கட்டளையும் நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்க வழியில்லை.

அடுத்து, உறைந்துபோன பொறியை எழுப்ப வேண்டும். மேசைக் கணிப்பொறியானால் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தால் தானே எழும்படி அமைக்கலாம். மடிக்கணினிகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. பேட்டரி வேறு குறுக்கே நிற்கும். பழைய மடிக்கணினியில் பேட்டரி செத்துப் போயிருப்பது நமக்கு நல்லதாயிற்று, கழற்றி வைத்துவிட்டேன். பவர் பட்டனின் இரு முனைகளிலும் கம்பி பற்றவைத்து ஒரு சிறிய ரிலேயோடு இணைத்தேன். எதிர்முனைப் பொறி பத்து நிமிடம் பதிலே வராவிட்டால் ரிலேயைத் தட்டும், இவன் எழுவான். ரிலேக்கு ஆன செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்கு மேல் இல்லை. கெர்னல் சாகும் தறுவாயில் சொல்லும் கடைசி வார்த்தைகளையும் பிடித்து வைக்க வேண்டும். அவற்றை அந்தக் கேபிள் வழியே எதிர்முனைக்கு அனுப்பும் வசதி லினக்ஸிலேயே இருக்கிறது.

சோதனைகளை எழுதுவது இதைவிட எளிது. இன்று கெர்னலின் மூல நிரலோடே நெட்வொர்க் டிரைவர்களுக்கான சோதனைகள் பைதானில் எழுதித் தரப்பட்டிருக்கின்றன. எந்தக் கார்டு, எதிர்முனை எது என்று ஒரு கோப்பில் சொன்னால் போதும். அவற்றோடு என்னுடைய சிலவற்றைச் சேர்த்தேன். ஆறு மணி நேர ஏற்றம். நூறு தடவை உறங்கி விழித்தல். ஏற்றத்தின் நடுவே மின்சாரத்தைப் பிடுங்குதல். (கடைசிச் சோதனையை மாதம் ஒருநாள் பராமரிப்பு மின்தடை நமக்கு இலவசமாகவே செய்து தருகிறது.)

உண்மையில் கடினமானது எதுவென்றால், சோதனையையே நம்பலாமா என்பதுதான். ஊரில் என் வீட்டில், பழைய கெர்னலோடு ஓட்டியபோது பத்துக்குப் பத்தும் தேறியது. அதையே புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து ஓட்டினால் பத்துக்கு ஏழு. டிரைவரும் அதே, கார்டும் அதே. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது: நகரத்தில் பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் ஒரே காற்றில் கூச்சலிடுகின்றன. நார்த்தாமலையில் இரவில் கேட்பது தவளைச் சத்தம் மட்டுமே. டாங்கிளையும் எதிர்முனையின் ஆன்டெனாவையும் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடியதும் ஓரளவு அடங்கியது. இன்னொரு முறை தவறியதற்குக் காரணம் யூ.எஸ்.பி. கேபிளில் முறிவு. ‘சில நாள் தேறும், சில நாள் தவறும்’ என்ற சோதனையைப் போலத் தீங்கானது வேறில்லை. நாலு நாள் பொய்யாகக் கத்திவிட்டால் ஐந்தாம் நாள் உண்மையாகக் கத்தும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே காலையில் ஒருவர் வந்து முடிவுகளைப் படித்து, தவறியது கார்டா, கம்பியா, காற்றா, டிரைவரா என்று எழுதி வைக்கத்தான் வேண்டும். ‘தானியங்கி’ என்ற சொல்லில் அந்த ஒருவர் மறைந்திருக்கிறார்.

எழுதி வைப்பது என்றதும் எங்கள் மேலமலை நினைவுக்கு வருகிறது. விசயாலய சோழீச்சுரத்தைப் பார்க்க வரும் நண்பர்கள் சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. சாத்தன் பூதி என்னும் முத்தரையர் தலைவன் கட்டிய கோயில் மழையாலும் இடியாலும் சிதைந்தது என்றும், மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான் என்றும் சொல்லும் கல்வெட்டு. செய்தவன் பெயர், பழுது என்ன, பழுதின் காரணம், திருத்தியவன் பெயர், நான்கும் ஒரே இடத்தில்! கெர்னலில் பழுதைத் திருத்தும் மாற்றங்களோடும் இத்தகைய விவரங்களை எழுதச் சொல்கிறார்கள். நாமோ பழுதானதை வெளியே சொல்லவே வெட்கப்படுகிறோம்.

என் டாங்கிளின் கதையை முடித்துவிடுகிறேன். பழைய பதிப்பில் ஆறு மணி நேரமும் தேறியது; புதிய பதிப்பில் அரை மணிக்குள் நின்றது. இரண்டுக்கும் இடையே பதின்மூன்றாயிரம் மாற்றங்கள். பயப்பட வேண்டாம், நடுவில் வெட்டிப் பார்த்து, எந்தப் பாதியில் பழுது என்று கண்டு, அந்தப் பாதியை மறுபடி வெட்டினால் பதினான்கு வெட்டுகளில் ஒற்றை மாற்றத்துக்கு வந்துவிடலாம். பழைய மடிக்கணினியில் கெர்னலைத் தொகுக்கவே பாதி இரவு ஆகும். எனவே வெட்டுக்கு ஓர் இரவு. நடுவில் இரண்டு இரவுகளை மின்தடை விழுங்கியது. பதினாறாம் நாள் காலை வந்து பார்த்தபோது அந்த ஒற்றை மாற்றம் திரையில் இருந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த யாரோ நல்ல எண்ணத்தோடு செய்த நாலு வரி. ஏற்றத்தின் நடுவே கார்டை உறங்கவைத்துவிடுகிறது. இந்தக் கார்டில் மட்டும் அது திரும்ப விழிப்பதில்லை.

விவரங்களைச் சேர்த்து அந்த டிரைவரைப் பராமரிப்பவருக்கு எழுதினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். அதன் சாரம் இதுதான்: ‘இந்தக் கார்டு என்னிடம் இல்லை, இப்போது கடைகளிலும் கிடைப்பதில்லை. ஒரு திருத்தம் அனுப்புகிறேன். நீங்கள் சோதித்துச் சொல்ல இயலுமா?’

‘நமக்கெதற்கு இந்த வேலை?’ என்று கேட்டவர்களுக்கு விடை அந்தக் கடிதத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் சோதனைக்கூடங்களில் அவர்கள் விற்கும் புதிய கார்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். 2019 முதல் லினக்ஸ் அறநிறுவனத்தின் கீழ் நடக்கும் கெர்னல்சிஐ போன்ற பொதுமுயற்சிகளும் உண்டு. அவையும் யாரோ ஒருவர் தம்மிடம் உள்ள பொறியைக் கொடுத்தால்தான் அதைச் சோதிக்க முடியும். பத்தாண்டுப் பழைய மடிக்கணினியும், மூன்று பேர் கைமாறிய டாங்கிளும் எந்தக் கூடத்தில் இருக்கின்றன? நம் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன; நம் ஊர்க் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. ஒரே மாதிரியான பொறிகள், ஆயிரக்கணக்கில், ஒரே மாவட்டத்தில்! அவற்றின் நெட்வொர்க் சில்லு இன்றைய கெர்னலோடு ஒத்துப்போகிறதா என்று தட்டிப் பார்க்க நம்மைவிடத் தகுதியானவர் யார்?

இன்னொரு காரணமும் சொல்வேன்; ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. நம் செய்முறை வகுப்புகளில் நிரல் எழுதுகிறோம். விடை தெரிந்த ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். விடை வந்ததும் ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். விடை வராத எண்ணைத் தேடிக் கொடுப்பதற்கு மதிப்பெண் கிடையாது. மூன்றாண்டு முடிவில் நம்மிடம் நூறு ‘சரியான’ நிரல்கள் இருக்கும். ஒரு கடைக் கணிப்பொறியில் அப்டேட்டை அழுத்திவிட்டு ஒரு பக்கம் திறந்ததும் தூங்கப் போகிற பட்டதாரியாகவும் இருப்போம். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவன் இருந்தான்.

பணம் வேண்டாமா என்பார்கள். நான் செய்ததற்கு ஆன செலவு ரிலே, கேபிள், ஈயம் மட்டுமே. பிஸ்கட் அத்தை வாங்கியது. கல்லூரியில் செய்தால் ஓர் அலமாரி, ஒரு மின்விசிறி, நாலைந்து மின்செருகிகள், பூட்டிய அறையில் இரவில் மின்சாரம் ஓட அனுமதி, முறைவைத்துக் காலையில் வந்து பார்க்க ஆறு மாணவர்கள் ஆகியவை வேண்டும். இவற்றுள் பெறக் கடினமானது அந்த அனுமதிதான் என்று நினைக்கிறேன். மின்கசிவுக்கு அஞ்சுகிறார்கள்; அஞ்சுவது நியாயமே. நல்ல டிரிப்பர் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

பராமரிப்பவர் அனுப்பிய திருத்தத்தோடு டாங்கிள் ஒன்பது இரவுகள் ஓடியது. எட்டு இரவு தேறியது. ஒன்பதாம் இரவு தவறியதற்கு இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். தேறியது என்று எழுதி அனுப்ப மனம் வரவில்லை. அந்தத் தங்கை இவ்வாண்டு விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். அத்தை கடையில் அன்று, கீரனூருக்குப் போய்.

பயன்படாமல் கிடக்கும் விலையில்லா மடிக்கணினி உங்கள் வீட்டில் இருந்தால் கணிப்பொறி அறிவியல் துறையில் என்னிடம் கொண்டுவந்து தாருங்கள். திரை உடைந்திருந்தாலும், பேட்டரி செத்திருந்தாலும், விசைப்பலகையில் எழுத்து போயிருந்தாலும் பரவாயில்லை. சார்ஜர் இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். அது மட்டும்தான் யாரிடமும் இருப்பதில்லை.